பறங்கி வீட்டுக் கேக்

கலியாணத்துக்குச் சுசீலா கேட்டது ஒன்றே ஒன்றுதான். கூறைச் சேலை மலிவானதாக இருந்தாலும் பரவாயில்லை, பாண்டு வாத்தியம் வேண்டாம், விருந்துக்கு முப்பது பேர் போதும். ஆனால் கோயிலில் தாலி கட்டி வீட்டுக்கு வந்ததும் மாப்பிள்ளையும் தானும் சேர்ந்து வெட்ட ஒரு கேக் வேண்டும். யாழ்ப்பாணத்தில் அவளோடு கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த ஒருத்தி அப்படி வெட்டியிருந்தாள்.

“அதுக்கென்ன, வெட்டலாம்,” என்று அண்ணன் மரியதாசன் சொல்லிவிட்டார். மலாக்காவில் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் அவர் கிளார்க். கப்பலேறித் தன்னிடம் வந்து சேர்ந்த ஒரே தங்கை கேட்டதை மறுக்க அவருக்கு வாய் வரவில்லை. ஆனால் அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷம். ரப்பர் விலை விழுந்து கிடந்தது. கந்தோரில் எல்லாருக்கும் சம்பளத்தில் வெட்டு. மாப்பிள்ளை விஜயரட்ணம் மஸ்ஜித் தானாப் பக்கத்துத் தோட்ட ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெஸ்ஸர். அவருக்கோ பாதிச் சம்பளம்தான் கைக்கு வந்தது. அந்தப் பக்கம் கை நீட்ட முடியாது.

டவுனில் வெள்ளைக்காரருக்குச் சாமான் விற்கும் கடைக்குப் போய் விசாரித்துவிட்டு மரியதாசன் வேர்க்க விறுவிறுக்க பாச்சாங்கில் இருந்த வீட்டுக்குத் திரும்பி வந்தார்.

“அரை மாதச் சம்பளம் கேக்கிறான். அதுவும் சிங்கப்பூரிலையிருந்து வரவேணுமாம்.”

சுசீலா எழுந்து உள்ளே போனாள். அழுதிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“ரெண்டு பலகாரம் கூடச் சுடுவம்,” என்றாள் மனைவி சற்குணம். “கேக் இல்லாட்டி கலியாணம் நடவாதோ?”

“பொறும். ரெஜினாவைக் கேட்டுப் பாப்பம்.”

“ஆர் ரெஜினா?”

“பண்டார் ஹிலிரிலை நான் முந்தி அறை எடுத்திருந்த வீடு. உமக்குச் சொன்னனான்தானே?”

சொன்னதுதான். போர்த்துக்கீச வழிவந்த பறங்கியர் வீடு ஒன்றில் நான்கு வருஷம் இருந்ததாகவும், அந்த வீட்டுக் கிழவி மீன்கறிக்குப் புளி அதிகம் விடுவாள் என்றும் சொல்லியிருக்கிறார். ஒரு கிழவியும் ஒரு நாயும் உள்ள வீடு என்றுதான் சற்குணம் இத்தனை காலம் நினைத்திருந்தாள். அங்கே இன்னொருத்தியும் இருந்தது இன்றுதான் தெரிந்தது. அந்தப் பெயரை அவர் சொன்ன விதம்தான் அவளை என்னவோ செய்தது. கலியாணமாகி நான்கு வருஷமாக வாயில் வராத பெயர் போல அது வரவில்லை. நேற்றும் சொன்ன பெயர் போல வந்தது.

“கிழவியின்ரை மகளோ?”

“ஓம். கிழவி செத்துப்போச்சுது. இவதான் இப்ப கேக், ரொட்டி எல்லாம் வீட்டிலை செய்து விக்கிறா. காசு கனக்கக் கேக்கமாட்டா.”

“வயசென்ன?”

“எங்கடை வயசுதான் இருக்கும்,” என்று சொல்லிக்கொண்டே சைக்கிளை எடுத்தார். வந்த களைப்புத் தீரக்கூட அவர் உட்காரவில்லை.

அன்றிலிருந்து இரண்டு வாரம் அவர் கந்தோர் முடிந்து நேரே வீட்டுக்கு வருவது நின்றுபோயிற்று. ஒருநாள் ரவை வாங்கிக் கொடுக்க வேண்டும். ஒருநாள் வாதுமைப் பருப்பு. இன்னொரு நாள் டின் பட்டர் சீனன் கடையில் மலிவாக வந்திருக்கிறதாம், அதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இருட்டுவதற்குள் வந்துவிடுவார்; ஆனால் சட்டையில் பட்டரும் சாதிக்காயும் மணக்க வருவார். ஒரு நாள் கால் கழுவும்போது வாய்க்குள் ஏதோ மெட்டை முணுமுணுத்தார். முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக் கொண்டிருந்த சற்குணம் கையிலிருந்த சேலையைப் பிழிந்தது பிழிந்தபடி நின்றாள். இந்த மனுசன் பாடுவாரா?

ருசி பார்க்கவென்று ரெஜினா ஒரு துண்டு கேக் கொடுத்து அனுப்பியிருந்தாள். வாழையிலையில் சுற்றியிருந்தது.

“நீர் சாப்பிட்டுப் பாரும்,” என்றார்.

“எனக்குப் பசியில்லை.”

மூன்று வயது மகளிடம் அதைக் கொடுத்துவிட்டுச் சற்குணம் அடுப்படிக்குப் போனாள். பிள்ளை சாப்பிட்ட பிறகு இலையில் ஒட்டியிருந்த தூளை யாரும் பார்க்காமல் விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். ரவை வெண்ணெயில் ஊறி மணல் போலக் கரைந்தது. நல்லாயில்லை என்று சொல்லத்தான் அவள் ஆசைப்பட்டாள். சொல்ல முடியாது. அதுவே அவளுக்குக் கூடுதலாக எரிந்தது.

அடுத்த சனிக்கிழமை சுசீலாவும் அண்ணனோடு போனாள். திரும்பி வந்தவள் செருப்பைக் கழற்றுமுன்பே தொடங்கிவிட்டாள்.

“மச்சாள், அடுப்பைப் பாத்திருக்கவேணும் நீங்கள். செப்புச் சட்டிக்கு மேலையும் நெருப்பு, கீழையும் நெருப்பு. நடுவிலை கேக். ஒரு பக்கம் கூடக் கருகேல்லை!”

“ம்.”

“அவ அண்ணையை என்னெண்டு கூப்பிடுறா தெரியுமோ? ‘தாசோ’! அண்ணையும் சிரிச்சுக்கொண்டு திரும்புறார். அதைவிட ஒண்டு சொல்லட்டே? அவையின்ரை இராயப்பர் கோயில் திருநாளுக்கு அண்ணை அங்கை அவையோடை சேர்ந்து ஆடினவராம். பிடில் வாசிக்க வாசிக்க, விடியும்வரை! எங்கடை அண்ணை!”

சுசீலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சற்குணமும் சிரிப்பதுபோல் வாயைக் காட்டினாள். சுளகிலிருந்த அரிசியில் கல்லும் அரிசியும் அவளுக்கு ஒன்றாகத் தெரிந்தன.

வேறு பெண்ணோடு அவருக்கு இப்போது ஏதோ இருக்கிறது என்று அவள் நினைக்கவில்லை. நினைத்திருந்தால் சண்டை பிடிக்கலாம். சுவாமியாரிடம் போய்ச் சொல்லலாம். இது அப்படியில்லை. தன்னிடம் வந்த மரியதாசன் சட்டைப் பொத்தானை மேல்வரை பூட்டி, செபமாலை சொல்லி, கேட்டதற்குப் பதில் சொல்லும் மனுசன். ஆடுகிற, பாடுகிற, ‘தாசோ’ என்றால் திரும்புகிற ஒருவரை இன்னொருத்தி அனுபவித்துவிட்டாள். தனக்கு வந்தது மிச்சம்தான் என்ற நினைப்பு அவளைத் தின்றது. குசினியில் நின்று ஒருமுறை மெல்ல, “தாசோ,” என்று சொல்லிப் பார்த்தாள். அவள் வாயில் அது ஒட்டவில்லை.

திங்கட்கிழமை காலை பக்கத்து வீட்டு அன்னம்மாவைக் கூப்பிட்டாள். அன்னம்மா ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். புருஷன் தம்புசாமி பஸ் ஓட்டினான். மலாயும் சந்தைச் சீனமும் அவள் வாயில் தண்ணீராக ஓடும். சற்குணத்துக்கோ சந்தையில் விலை கேட்குமளவு மலாய்தான் தெரியும்.

“அன்னம்மா, கலியாணக் கேக் மலிவாச் செய்யிற ஆள் வேறை ஆரும் இருக்கினமோ?”

“ஏங்க்கா, ஐயாதான் பண்டார் ஹிலிர்ல சொல்லிட்டாருன்னு சுசீலா சொல்லிச்சே?”

“அது சரிவராது போலை.”

அன்னம்மா அவள் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். மேற்கொண்டு கேட்கவில்லை. “சரி வாங்க, தேடிப் பாப்போம்லா.”

மூன்று நாள் தேடினார்கள். ஆற்றோரத்து ரொட்டிக் கடைக்காரன் கேக் என்றதும் முடியாதென்று தலையை ஆட்டினான். கிளேபாங்கில் ஒருத்தி இருப்பதாகக் கேள்விப்பட்டு மாட்டுவண்டியில் போனார்கள். அவள் செய்வது தேங்காய்ப்பால் பலகாரம். கடைசியில் பாச்சாங்கிலேயே, ஒரு தையல் கடைக்குப் பின்னால், வயதான ஹைலாம் சீனச் சமையல்காரர் ஒருவர் அகப்பட்டார். பதினேழு வருஷம் தோட்டத்துத் துரை வீட்டில் சமைத்தவர். தோட்டம் படுத்ததும் துரை கப்பலேறிவிட்டார். சமையல்காரருக்குத் துரை விட்டுப்போன இரும்பு அடுப்பு மட்டும்தான் மிச்சம்.

“தொரசானி பொறந்தநாளுக்கு வருஷா வருஷம் செஞ்சவராம்,” என்று அன்னம்மா மொழிபெயர்த்தாள். “முட்டை நீங்க கொடுத்தா இன்னும் கொறைச்சுச் செய்றேங்கிறாரு.”

சற்குணம் வளர்த்த கோழிகளின் முட்டை வீட்டில் இருந்தது. லேஸ் பின்னி விற்ற காசும் கொஞ்சம் இருந்தது. ஒப்புக்கொண்டாள். ஆனால் அத்தோடு நிற்கவில்லை.

“அன்னம்மா, எனக்காண்டி ஒரு வேலை செய். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய அந்தப் பறங்கி வீட்டை போய், கேக் வேண்டாமெண்டு சொல்லிப்போட்டு வா. வேறை இடத்திலை ஒழுங்காப்போச்சு எண்டு சொல்லு.”

“ஐயாவுக்குத் தெரியுமா?”

“நான் சொல்லுறன் அவருக்கு.”

“எனக்கு இது புடிக்கலக்கா,” என்றாள் அன்னம்மா. என்றாலும் போனாள். வந்து, “சொல்லிட்டேன். அந்தம்மா சரின்னு தலைய ஆட்டுச்சு,” என்று மட்டும் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். சற்குணம் கணவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை பின்னேரம் கேக்கை எடுக்கப் போகும்போது அவருக்கே தெரியட்டும். அதற்குள் தன் கேக் மேசையில் இருக்கும். அப்போது என்ன சொல்வார்? புதன்கிழமை காலை கலியாணம்.

செவ்வாய் மதியம் ஹைலாம்காரரின் கேக் வந்தது. பெரிய வட்டக் கேக். வெள்ளைச் சீனிப்பூச்சு வெயிலில் கொஞ்சம் இளகி ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் சற்குணமும் அன்னம்மாவும் விசிறியால் விசிறிக்கொண்டிருந்தபோது வாசல் படலையைத் திறந்துகொண்டு ஒரு பெண் வந்தாள். கபாயாச் சட்டையும் கைலியும் உடுத்தியிருந்தாள். தலையில் ஒரு தகரப் பெட்டி. பண்டார் ஹிலிரிலிருந்து அதைச் சுமந்துகொண்டு நடந்தே வந்திருக்கிறாள், கழுத்தெல்லாம் வேர்வை.

“ரெஜினாம்மா,” என்றாள் அன்னம்மா மெதுவாக.

சற்குணம் அவளை உச்சி முதல் பாதம் வரை பார்த்தாள். வடிவு என்று சொல்ல முடியாது. கறுத்து, தடித்து, கையெல்லாம் அடுப்புச் சூட்டுத் தழும்பு. வடிவாக இருந்தால் வெறுப்பதற்கு ஒரு பிடி கிடைத்திருக்கும். இந்த முகத்தைப் பார்த்தால் யாருக்கும் பக்கத்தில் உட்காரத் தோன்றும். அது வடிவைவிட மோசம் என்று பட்டது.

ரெஜினா பெட்டியை இறக்கி வைத்துவிட்டு மலாயில் பேசினாள். அன்னம்மா தமிழில் சொன்னாள்.

“கேக் முன்னாடியே சுட்டாச்சாம். சுட்டதத் திருப்பி மாவாக்க முடியாதாம். காசு வேணாம், தாசோ தங்கச்சிக்குப் பரிசா வச்சுக்கங்கன்னு சொல்லுது. ருசி பாக்கக் குடுத்ததுல ஏதும் கொறையான்னு கேக்குது.”

“குறை ஒண்டுமில்லை,” என்றாள் சற்குணம். பிறகு, அடக்க முடியாமல், “கேள் அவவை. இவரைக் கட்ட நினைச்சவவோ எண்டு கேள்,” என்றாள்.

“அக்கா!”

“கேள் எண்டுறன்.”

அன்னம்மா தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். ரெஜினா குசினி வாசற்படியில் உட்கார்ந்து, கைலி நுனியால் கழுத்தைத் துடைத்தாள். பிறகு சற்குணத்தை நேரே பார்த்துப் பேசினாள். இடையில் அன்னம்மா இருப்பதையே மறந்ததுபோல.

“ஆமாங்குது,” என்றாள் அன்னம்மா. “நெனச்சேங்குது. அவரு கேக்கல, நானும் சொல்லல. ஊர்லேருந்து உங்க போட்டோ வந்தப்போ மொதல்ல எங்கிட்டதான் கொண்டாந்து காட்டுனாரு. போட்டோவ கீழ வைக்கவே இல்ல அவரு. நல்ல பொண்ணாத் தெரியுது, கட்டிக்கன்னு நாந்தான் சொன்னேன். அப்புறம் ஒரு வாரம் அழுதேன். இப்ப அழறதில்ல. அப்படீன்னு சொல்லுது.”

கேட்டதற்கு உண்மையான பதில் கிடைத்துவிட்டது. அதை எங்கே வைப்பதென்றுதான் சற்குணத்துக்குத் தெரியவில்லை. பொறாமை போய்விடவில்லை; நெஞ்சில் அப்படியே இருந்தது. ஆனால் தன் படத்தைக் கீழே வைக்காமல் பார்த்தார் என்பதும் இப்போதுதான் தெரிந்தது. அதை இவள் வாயால் கேட்க வேண்டியிருந்ததே.

ரெஜினா எழுந்து, சரிந்து கிடந்த ஹைலாம்காரரின் கேக்கைச் சுற்றிவந்து பார்த்தாள். ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டாள். புருவத்தை உயர்த்தினாள்.

“கேக் ரொம்ப நல்லாருக்காம். மேல் பூச்சுதான் வெயிலுக்குத் தாங்காதாம். சொரண்டி எடுத்துட்டு வேற போடலாம்னு சொல்லுது. இது பெரிசு, அது சின்னது. இத கீழ வச்சு அத மேல வச்சா ரெண்டடுக்குக் கேக்லா, அக்கா!”

சற்குணம் சீனி டின்னை எடுத்து வந்து ரெஜினாவின் முன்னால் வைத்தாள். முட்டையை உடைத்தாள். ரெஜினா வெள்ளைக்கருவை அடிக்கும் வேகத்தைப் பார்த்து, தானும் ஒரு கரண்டியை எடுத்து அடித்தாள். கை நோகத் தொடங்கியது. நிறுத்தவில்லை. இவளுக்கு முந்தி ஓய்வதில்லை என்று வைராக்கியம்.

நாலரை மணிக்கு மரியதாசன் வந்தார். நேரே பண்டார் ஹிலிருக்குப் போய், பூட்டியிருந்த வீட்டைப் பார்த்துவிட்டுக் கலங்கிப்போய் வந்தவர், குசினி வாசலில் நின்றார். சீனி பூசிய கைகளோடு இரண்டு பெண்களும் நிமிர்ந்தார்கள்.

“தாசோ,” என்றாள் ரெஜினா.

அவர் கை தானாகவே சட்டையின் மேல் பொத்தானுக்குப் போனது. ரெஜினாவைப் பார்க்கவில்லை. சற்குணத்தைப் பார்த்தார். “தேத்தண்ணி குடுத்தனீரோ?” என்று கேட்டுவிட்டு முன்னறைக்குப் போய்விட்டார்.

மறுநாள் கோயிலில் கலியாணம் நன்றாக நடந்தது. வீட்டு முற்றத்துக் கொட்டகையில் இரண்டடுக்குக் கேக்கைக் கண்டதும் சுசீலா வாயைப் பொத்திக்கொண்டாள். விஜயரட்ணம் கத்தியைப் பிடிக்கத் தெரியாமல் பிடிக்க, எல்லாரும் கை தட்டினார்கள். வந்தவர்கள் பெரும்பாலும் யாழ்ப்பாணத்துக் கிளார்க்குமாரும் அவர்கள் மனைவிமாரும். எங்கே செய்வித்தது என்று ஆளாளுக்குக் கேட்டார்கள்.

ரெஜினா புதுக் கபாயா உடுத்து வந்து கொட்டகையின் கடைசிக் கம்பத்தருகில் நின்றாள். ஒருமுறை, நாலைந்து கிளார்க்குமாரோடு நின்ற மரியதாசனைப் பார்த்து, “தாசோ!” என்று கூப்பிட்டாள். சத்தமாகத்தான் கூப்பிட்டாள். அவர் காதில் விழுந்தது. பிடரி விறைத்ததைச் சற்குணம் கண்டாள். ஆனால் அவர் திரும்பவில்லை. தலைமைக் கிளார்க் ஏதோ சொன்னதற்குச் சிரித்தார். ரெஜினா உயர்த்திய கையை மெல்ல இறக்கி, கைலி மடிப்பைச் சரிசெய்வதுபோலச் செய்தாள்.

சற்குணத்துக்குச் சந்தோஷம் வந்தது. இரண்டு வாரமாக இதற்குத்தானே காத்திருந்தாள். ஆனால் அது நிற்கவில்லை. கேக் சுட்டு, தலையில் சுமந்து, காசும் வாங்காமல் வந்த ஒருத்தியின் கை அந்தரத்தில் நின்றதைக் கண்ட பிறகு அந்தச் சந்தோஷம் வாயில் கசந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், ரெஜினாவின் மணிக்கட்டைப் பிடித்து, கேக் மேசைக்குக் கூட்டிவந்தாள்.

“இவதான் செய்தவ,” என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். “மேல் தட்டு இவவின்ரை கை.” கொஞ்சம் பொறுத்து, “கீழ்த் தட்டு நான் பிடிச்ச ஆள் செய்தது,” என்றும் சொன்னாள்.

எல்லாரும் போய், சுசீலாவும் மஸ்ஜித் தானாவுக்குக் காரேறிய பிறகு, பின்னேரம் அவள் கொட்டகையைக் கூட்டினாள். மரியதாசன் கதிரைகளை அடுக்கினார்.

“அவ கூப்பிட ஏன் திரும்பேல்லை?”

“நீர் பாத்துக்கொண்டு நிண்டீர்.”

“நான் பாத்தா என்ன?”

அவர் கதிரையை வைத்துவிட்டு அதன் முதுகைப் பிடித்தபடி நின்றார். “நீர் கப்பலாலை இறங்கி வந்த முதல் கிழமை, குளிச்சுப்போட்டு ஏதோ பாடிக்கொண்டு வந்தனான். நீர், ‘சத்தம் போடாதேங்கோ, அயலிலை என்ன நினைப்பினம்’ எண்டு சொன்னீர். முகத்தையும் சுழிச்சீர். உமக்குப் பிடியாதெண்டு அண்டைக்கே விட்டிட்டன்.”

சற்குணம் விளக்குமாற்றோடு நின்றாள். சொன்னாளா? சொல்லியிருப்பாள். இருபது வயது, புது ஊர், பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாத நாள். பயத்தில் சொன்ன ஒரு சொல். அதை அவள் மறந்துவிட்டாள். அவர் நான்கு வருஷமாக அதன்படி நடந்திருக்கிறார்.

“நான் சும்மா சொன்னது,” என்றாள்.

“எனக்கு எப்பிடித் தெரியும்?”

அன்றைக்கே எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல முடியாது. ஒரு மாதம் கழித்து, குளித்துவிட்டு வரும்போது பாதி மெட்டு முணுமுணுத்தார். அவளைப் பார்த்ததும் நிறுத்தினார். “ஏன் நிப்பாட்டினனீங்கள்?” என்று அவள் கேட்டாள். மீதியை எடுத்தார். சுருதி அவ்வளவு நன்றாக இல்லை. அவள் அதைச் சொல்லவில்லை.

மார்கழியில், கிறிஸ்து பிறந்த நத்தார்த் திருநாள் கேக்குக்குச் சொல்ல வேண்டி வந்தது. “ரெஜினாவிட்டையே சொல்லுவம், இல்லையோ?” என்று மரியதாசன் சைக்கிளை நோக்கி நடந்தார்.

“சொல்லுவம்,” என்றாள் சற்குணம். “நீங்கள் பிள்ளையைப் பாத்துக்கொண்டு இருங்கோ. நான் போறன்.”

அன்னம்மாவைக்கூடக் கூப்பிடவில்லை. அதற்குள் முப்பது நாற்பது மலாய்ச் சொல் சேர்த்து வைத்திருந்தாள். ரவைப் பையையும் பட்டர் டின்னையும் தூக்கிக்கொண்டு பண்டார் ஹிலிருக்கு அவளே நடந்தாள். அடுத்த வருஷமும், அதற்கடுத்த வருஷமும் அவளேதான் போனாள். ஒருமுறையேனும் அவரை அனுப்பவில்லை.